அபராதம் கேட்டு அலைந்தவன்

அபராதம் என்றதும் முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். போலீஸ்காரரிடம் வாதாடுபவர்கள், ‘நான் யார் தெரியுமா’ என்று ஆரம்பிப்பவர்கள், கடைசியில் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடிப்பவர்கள் எல்லாரும் உண்டு. ஆனால், ‘தயவுசெய்து எனக்கு ஓர் அபராதம் போடுங்கள்’ என்று கவுண்டரில் நின்று கெஞ்சியவனைப் பார்த்திருக்க மாட்டீர்கள். இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் ஷார்ஜாவில் அந்தத் திருக்காரியத்தைச் செய்தவன் அடியேன்தான்.

முதலில் என் லைசென்ஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் வேலை கிடைப்பதைவிட, வீடு கிடைப்பதைவிட, லைசென்ஸ் கிடைப்பது கஷ்டம். டெஸ்ட் எடுக்கும் போலீஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ‘யல்லா’ என்பார். நான் கியரில் கை வைத்து நாலு அடி நகர்வதற்குள் ‘கலாஸ்’ என்பார். யல்லா என்றால் கிளம்பு, கலாஸ் என்றால் முடிந்தது. இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் என் வாழ்க்கையில் பல மாதங்கள் கழிந்தன. கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் இரக்கப்பட்டு பாஸ் போட்டார். ஜெபல் அலியில் நான் கணக்கு எழுதிய கிடங்கு ஆபீசில் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். (என் கல்யாணத்துக்குக்கூட இத்தனை பேர் கை குலுக்கவில்லை.) பழைய கார் ஒன்றும் வாங்கினேன். நான் அதை ஓட்டும்போது தோள் இரண்டும் காதைத் தொடும் என்பாள் என் மனைவி சுபா.

அந்தச் சமயத்தில்தான் திருச்சியில் என் தங்கை வசந்திக்குக் கல்யாணம் கூடி வந்தது. அப்பா காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நிச்சயதார்த்தத்துக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் நாதஸ்வரம் கேட்டதோடு சரி.

“கல்யாணத்துக்கும் போன்லயே பொரி போட்டுடுவியாண்ணா?” என்று கேட்டாள் வசந்தி. கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பெண்ணின் கையில் பொரியை அள்ளிப் போடுவது அண்ணனின் வேலை. அதை அவள் அக்னியில் இடுவாள். அண்ணன் இல்லையென்றால் பெரியப்பா பையன் கணேசன் போடுவான். கணேசன் நல்லவன்தான். ஆனாலும் என் தங்கைக்குப் பக்கத்தில் என் இடத்தில் அவன் நிற்பதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிந்தது. தலைகீழாக நின்றாவது வந்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

ஒருவழியாக லீவும் கிடைத்தது, டிக்கெட்டும் எடுத்தாயிற்று. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால் துபாய் போய் சாமான் வாங்கினோம். சென்ட், பாதாம், மாப்பிள்ளைக்கு வாட்ச், சுபா வெகுநாளாக ஆசைப்பட்ட ஒரு ஃபிலிம் கேமரா. முன் சீட்டில் இரண்டு கம்பளிப் போர்வைகள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தன. (மே மாதத் திருச்சியில் கம்பளி எதற்கு என்று கேட்கக் கூடாது. வளைகுடாவிலிருந்து கம்பளி இல்லாமல் போகிறவனை ஊரில் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள்.) அதனால் சுபா பின் சீட்டில் இருந்தாள்.

ஷார்ஜாவுக்குள் நுழைந்து, முவைலா பக்கம் எங்கள் வீட்டுக்குத் திரும்புகிற சாலை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று என் தலைக்குப் பின்னால் பளீரென்று ஒரு வெளிச்சம்.

“ரேடார்!” என்று அலறி பிரேக்கை மிதித்தேன். கம்பளிகள் இரண்டும் முன்னால் குனிந்து நிமிர்ந்தன.

“என்னங்க ஆச்சு?”

“போச்சு! ரேடார் அடிச்சிருச்சு! எல்லாம் உன்னாலதான். பின்னாடி உக்காந்து பேசிக்கிட்டே வந்தா மனுசன் ஸ்பீடைப் பார்ப்பானா?”

“நான் எங்க பேசினேன்? துபாய் தாண்டினதுலேருந்து வாயே தொறக்கலையே.”

உண்மைதான். சுபா அவ்வளவு நேரம் பேசாமல் வருகிறாள் என்றால் பின்னால் ஏதோ வேலை நடக்கிறது என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். சாலையோரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி நின்றது. ரேடாரேதான்! வேகமாகப் போகிற வண்டியை முன்னால் விட்டு, பின்னாலிருந்து படம் பிடிக்கிற அந்தச் சனியனேதான்.

எங்கள் கட்டடத்தின் கீழே மளிகைக்கடை வைத்திருந்தவர் செய்யது பாய். கீழக்கரைக்காரர். ஸ்டியரிங்கைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அந்தக் குறையை ஆலோசனை சொல்லி ஈடுகட்டுவார். அவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

“ஊருக்கு எப்ப போறிய தம்பி?”

“இன்னும் ஒரு வாரத்துல பாய்.”

“ஃபைனைக் கட்டாமயா? ஏர்போர்ட்டுல கம்ப்யூட்டர்ல பேரு செவப்பா வந்துருமே! எங்க ஊரு ஆளு ஒருத்தரு இப்புடித்தான். பெட்டி பிளேன்ல ஏறிருச்சு, ஆளு ஏறல. ஒரு மாசம் வீட்டுல பெட்டி மட்டும் இருந்துச்சு.”

“நெசமாவா பாய்?”

“பின்ன, பொய்யா சொல்லப்போறேன்? முன்கூட்டியே போயி கட்டிட்டு, ரசீதைக் கையில வாங்கிக்கிருங்க.”

பெட்டி மட்டும் திருச்சி போய்ச் சேர்வதையும், மணமேடையில் கணேசன் பொரித்தட்டோடு நிற்பதையும் நினைத்துப் பார்த்தேன். அன்றிலிருந்து என் வலது கால் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. ஃபிரிஜ்ஜைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியும், கால் தரையை ஓங்கி மிதிக்கும். டியூப்லைட் மினுக்கினால் மிதிக்கும். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, ஊரில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மறுநாளே போக்குவரத்துத் துறை அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இளம் அதிகாரி ஒருவர், மரியாதையான மனிதர். என் வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “மாஃபி” என்றார். இல்லை என்று அர்த்தம்.

“சார், ஃப்ளாஷ் சார். பெரிய ஃப்ளாஷ்.”

“மாஃபி, பாய். நோ ஃபைன். கோ ஹோம்.”

வேறு யாராக இருந்தாலும் துள்ளிக் குதித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நான் ரேஷன் கார்டில் ஒரு பெயரைச் சேர்க்கத் தாலுகா ஆபீஸ் படியைத் தேய்த்த பரம்பரையில் வந்தவன். இருக்கிறது என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி, அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு வட்டமாக ஒரு சீல் குத்தித் தந்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். வாயால் சொன்ன மாஃபியை ஏர்போர்ட்டில் எப்படி நீட்டுவது?

“சார், ஒன் பேப்பர் ப்ளீஸ். நோ ஃபைன் பேப்பர். வித் சீல்.”

“நோ ஃபைன், நோ பேப்பர். ஃபைன் இருந்தா பே, அப்புறம் பேப்பர்” என்பதை இந்தியிலும் இங்கிலீஷிலுமாக விளக்கினார்.

கொஞ்சம் யோசித்தேன். “அப்படின்னா ஒரு ஃபைன் போட்டுருங்க சார், ப்ளீஸ்” என்று நானும் அதே கலவையில் கேட்டேன்.

அவர் கையிலிருந்த காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். பக்கத்து நாற்காலிக்காரரைக் கூப்பிட்டு அரபியில் ஏதோ சொன்னார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒரு பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். வெயிலில் நின்றவனுக்குக் கொடுப்பது போல ஒரு கிளாஸ் தண்ணீரும் கொடுத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து மறுபடி போனேன். என்னைக் கண்டதுமே அவர் கம்ப்யூட்டரைத் தொடாமல், “மாஃபி!” என்று கூவினார். வரிசையில் நின்றவர்கள் என்னைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் கடைசி முயற்சி. அன்று ஆபீசிலிருந்து வர நேரமாகிவிட்டது, கவுண்டரை மூடிவிடுவார்கள். அலுவலக வாசலில் எங்கும் இடம் இல்லை, ஒரே ஓர் இடம் மட்டும் தரையில் மஞ்சள் கோடெல்லாம் போட்டு அழகாகக் காலியாக இருந்தது. நமக்கென்றே விட்டு வைத்திருக்கிறார்கள் என்று நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன். வழக்கம்போல மாஃபி வாங்கிக்கொண்டு தொங்கிய முகத்தோடு வெளியே வந்தால், என் காருக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். மஞ்சள் கோடு ஆம்புலன்ஸ் நிற்கிற இடமாம். கிழித்து என் கையில் கொடுத்தார்.

அந்தக் கணத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு குளிர்கிறது. இரண்டு கையாலும் சீட்டை வாங்கினேன். அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, “ஷுக்ரன், ஷுக்ரன்” என்று நன்றி சொன்னேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து அவர் முறைத்தார். அதற்குள் நான் படியேறிவிட்டேன்.

“சார்! ஃபைன் வந்துருச்சு சார்!”

இளம் அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். “மப்ரூக்!” என்று வாழ்த்தினார். பக்கத்து நாற்காலிக்காரர் கை தட்டினார். பணத்தைக் கட்டினேன். ரசீதில் சீல் குத்தும்போது, “கொஞ்சம் அழுத்தமா, சார்” என்று கேட்டுக்கொண்டேன். என் மேல் இருந்த பரிவில் அவர் இரண்டு தடவை குத்தினார்.

மறுநாள் ஏர்போர்ட்டில் பாஸ்போர்ட்டோடு அந்த ரசீதையும் சேர்த்து நீட்டினேன். குடியேற்ற அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வாட் இஸ் திஸ்?”

“ஃபைன், சார். பெய்டு.”

அவர் என்னைப் பார்த்தார். பின்னால் நின்ற சுபாவைப் பார்த்தார். சுபா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸ்போர்ட்டில் சீல் குத்தி, ரசீதை ஒரு விரலால் என் பக்கம் தள்ளிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. செய்யது பாயின் ஊர்க்காரரைப் போல இல்லாமல், பெட்டியும் நானும் ஒன்றாகவே விமானம் ஏறினோம்.

முகூர்த்தம் வந்தது. அக்னி எரிந்துகொண்டிருந்தது. வசந்தி கையை ஏந்தி நின்றாள், அவளை ஒட்டி மாப்பிள்ளை குமார். ஐயர் சைகை காட்டினார். பொரியை இரண்டு கையாலும் அள்ளினேன். “வந்துட்டேல்ல” என்றாள் வசந்தி மெதுவாக. கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான். கூட்டத்தில் கணேசன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் தெரிந்தது. பரம திருப்தி. பொரி அவள் கையில் விழுந்த அதே நொடியில் கல்யாண போட்டோகிராபர் ஃப்ளாஷ் அடித்தார்.

என் வலது கால் பிரேக்கைத் தேடியது. பிரேக் இல்லை. மாப்பிள்ளையின் வெறும் கால் இருந்தது.

“அம்மா!” என்று அலறியபடி குமார் ஒற்றைக்காலில் குதித்தார். மந்திரத்தில் அந்த இடம் வருமோ என்று ஐயர் ஒரு நிமிடம் குழம்பிப்போனார். விரல் வீங்கி, மெட்டி போடும்போது பெண்ணுக்குப் பதிலாக மாப்பிள்ளையைத்தான் எல்லாரும் தாங்கிப் பிடித்தார்கள்.

மறுவீட்டு விருந்தன்று சுபாவின் கேமராவில் எடுத்த படங்கள் கழுவி வந்தன. எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்க, சுபா உறையைப் பிரித்தாள். முதல் படம் எங்கள் கார், பின் சீட்டிலிருந்து எடுத்தது. உள்ளே என் முதுகு, காதைத் தொட்ட தோள்கள், கண்ணாடியில் பல்லைக் கடித்த என் முகம், பக்கத்தில் பெல்ட் போட்ட கம்பளிகள். ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர் லாரி சாவகாசமாக என்னை முந்திப் போய்க்கொண்டிருந்தது.

“இது எப்ப எடுத்தே?” என்றேன்.

“கேமரா வாங்கின அன்னிக்குத்தான். நல்லா வேலை செய்யுதான்னு ஒண்ணு எடுத்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் உங்களுக்கு ரேடாரும் அடிச்சுச்சு.”

“ரேடாரும்?”

“ஆமா. என் கேமரா ஒரு தடவை, ரேடார் ஒரு தடவை. ரெண்டும் ஒண்ணா அடிச்சிருச்சுன்னு நெனச்சேன்.”

காலில் கட்டோடு நாற்காலியில் சாய்ந்திருந்த குமார்தான் முதலில் சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. (சாலையோரத்துச் சாம்பல் நிறப் பெட்டியை, லீவு முடிந்து திரும்பிய பிறகு நேரில் போய்ப் பார்த்தேன். குப்பைத்தொட்டி.)

பொரி போடும் படம் வசந்தியின் ஆல்பத்தில் முதல் பக்கத்தில் இருக்கிறது. அவள் சிரிக்கிறாள், நான் காலைப் பார்க்கிறேன், மாப்பிள்ளை அந்தரத்தில் இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கேமராவுக்கு அன்றிலிருந்து ரேடார் என்றுதான் பெயர்.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். வசந்தியின் பெண் எங்களை சோபாவில் நெருக்கி உட்கார வைத்து, போனை உயர்த்திப் பிடித்தாள்.

“மாமா, இதுல ஃப்ளாஷே கிடையாது. பயப்படாதீங்க.”

“அதான் கிடையாதுங்குறாளே” என்று நானும் தைரியமாகச் சொன்னேன்.

குமார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கி, சோபாவின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, “இப்ப எடும்மா” என்றார்.