வாசிச்சாத்தான் கையெழுத்து

திண்டுக்கல் சீமையில் அவரைப் போல ஒரு பிடிவாதக்காரர் பிறந்ததும் இல்லை. இன்னொருவர் பிறந்தால் ஊர் தாங்கவும் தாங்காது. எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். ஊர் வைத்த பெயர் ‘வாசிச்சுக்காட்டு’. எந்தக் காகிதத்தை நீட்டினாலும் முழுக்க வாசித்துக் காட்டினால்தான் கையெழுத்துப் போடுவார். அவர் கல்யாணத்தன்று சர்ச் பதிவேட்டைப் பங்குச்சாமியார் மூன்று தடவை வாசிக்க வேண்டியதாயிற்று. பிரியாணி ஆறிப்போனதைப் பெண் வீட்டார் இன்றைக்கும் சொல்லித் திட்டுகிறார்கள்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு தடவை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். என்னை நம்பி.

நான் அப்போது ஊராட்சி கிளார்க். கிராம சபையில் முதலில் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிவிடுவோம். தீர்மானத்தை மறுநாள் ஆபீசில் உட்கார்ந்து எழுதிக்கொள்வோம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அவர் தெருவிலிருந்து கல்லறைக்குப் பாதை தேவையில்லை என்று ஊராட்சித் தலைவர் சொன்னார், எழுதினேன். கீழே அவர் கையெழுத்து. அந்த வருஷ மழையில் அவர் அம்மா இறந்தார். முழங்கால் சேற்றில் சவப்பெட்டி இரண்டு தடவை சரிந்தது.

அடுத்த குடியரசு தினக் கிராம சபையில் தலைவர், “இந்திய மக்களாகிய நாம்” என்று அரசியலமைப்பின் முகவுரையை ஆரம்பித்ததுமே மனிதர் எழுந்தார்.

“நிறுத்துங்க! நாம்னா யாரு? இத எழுதுன சபைக்கு ஆள் அனுப்புன தேர்தல்ல எங்க தாத்தாவுக்கு ஓட்டு இல்ல. நெலம் இல்ல, வரி இல்ல, படிப்பு இல்ல, அதனால ஓட்டும் இல்ல. அவரக் கேக்காமலே நாம்னு எழுதிக்கிட்டாக!”

“ஏப்பா, அம்புட்டுப் பெரிய புத்தகத்தையே கொறை சொல்றியா?” என்றார் தலைவர்.

“புத்தகம் நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஓட்டுக் குடுத்ததே அதான். எங்க தாத்தாவையும் கேட்டிருந்தா இன்னும் ரெண்டு வரி சொல்லியிருப்பாரு.” என் பக்கம் திரும்பினார். “அவுக எங்க கையெழுத்து வாங்காம எழுதுனாக. நீங்க கையெழுத்த வாங்கிட்டு எழுதுறீக. எங்கம்மா பெட்டி சேத்துல விழுந்துச்சு, சார்.”



கையெழுத்துப் போட வைத்திருந்த பதிவேட்டுப் பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “உங்க பேனாவுல எழுதுங்க. வாசிங்க. அப்புறந்தான் இந்தப் பேனா வெளிய வரும்.” தட்டில் இருந்த ஆரஞ்சு மிட்டாயெல்லாம் இளகி ஒட்டிக்கொண்டது, ஆள் அசையவில்லை. கூட்டமும் அவரோடு உட்கார்ந்துவிட்டது. பாதைத் தீர்மானத்தை எல்லார் முன்னாலும் எழுதி, மூன்று தடவை வாசித்தேன்.

பாதை வந்தது. போன ஐப்பசியில் அதில்தான் அவரைக் கொண்டுபோனோம். நல்ல மழை. பெட்டி சரியவில்லை.

அதற்கடுத்த கிராம சபையில் புது கிளார்க், ஓய்வு பெற்றுவிட்ட என்னிடமே வெற்றுத்தாளை நீட்டினார். “போடுங்க சார். உங்களுக்குத் தெரியாததா? நாளைக்கு எழுதிக்கிறேன்.”

வந்ததே கோபம்! “எழுதி வாசிச்சுக் காட்டுங்க தம்பி” என்று கத்திவிட்டேன். ஊரே திரும்பிப் பார்த்தது.

அந்த மனுஷனிடம் இன்னொரு தடவை திட்டு வாங்க வேண்டும் போல இருந்தது.