விசில் மாஸ்டர் எடுத்த விபத்துப் படம்

மதுரை ஜில்லாவிலேயே சும்மா நிற்கத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் விசில் மாஸ்டர்தான். ரேஷன் கடை வரிசையில்கூட அவர் கால் தாளம் போடும். திருநகரில் என் வீட்டு மாடியில்தான் டான்ஸ் கிளாஸ் நடத்தினார். திட்டுவது, பாராட்டுவது, டீ கேட்பது எல்லாமே வாயிலிருந்த விசிலால்தான். கீழே என் வீட்டில் மாட்டிய படம் ஒன்றுகூட நேராக நின்றதில்லை.

அவரிடம் ஆடிய காலேஜ் பையன் ஒருவன் போனைப் பார்த்துக்கொண்டே பைக் ஓட்டி, விழுந்து காலை உடைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து மாஸ்டர் நேராக என்னிடம் ஓடி வந்தார்.

"அண்ணே, இன்னொரு பய இப்படி விழக் கூடாது. அட்வைஸ் பண்ணா எவன் கேக்குறான்? ஆடிக் காட்டுவோம்! ஷார்ட் ஃபிலிம்ணே! ஒங்க போன்லதான் கேமரா நல்லாருக்கு, நீங்கதான் கேமராமேன்!"

கல்யாண வீட்டில் சாம்பார் வாளியைப் படம் பிடித்த அனுபவம் மட்டுமே எனக்கு உண்டு. ஆனாலும் அவர் உற்சாகம் என்னையும் தொற்றிக்கொண்டது.

வாடிப்பட்டிப் பக்கம், வயல்களுக்கு நடுவே வண்டி வராத ஒரு ரோட்டைப் பிடித்தோம். பையன்கள் பைக் இல்லாமலே பைக் ஓட்டுவதுபோல வரிசையாக ஆடி வருவார்கள். முன்னால் வரும் ஹரி காதில் போனை வைப்பான். உடனே மொத்தப் பேரும் சரிவார்கள். குங்குமத்தை எண்ணெயில் குழைத்து, ரத்தமாகத் தாராளமாகவே பூசியிருந்தார் மாஸ்டர்.

"விழுந்தா விழுந்ததுதான்! நான் விசில் அடிக்கிற வரைக்கும் எவனும் அசையக் கூடாது!"

விழுந்தார்கள். அடேயப்பா, எனக்கே பகீரென்றது!

வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நாற்றுமுடியும் கையுமாக ஓடி வந்தார்கள். ஒரு அக்கா ஹரியின் தலையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு மாரில் அடித்துக்கொண்டார். "ஏ ஐயா! யாரு பெத்த புள்ளையோ, இப்படிக் கெடக்கியே!" மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரியே வைத்துவிட்டார்கள். ஹரி அசையவில்லை. விசில் வர வேண்டுமே! மாஸ்டர் வாயைப் பிளந்ததில் அது வாய்க்காலுக்குள் விழுந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஹரியின் போன் அடித்தது. அந்த அக்காவே எடுத்துப் பேசினார்.

"நீதான் பெத்தவளா? மனசக் கல்லாக்கிக்க தாயி... புள்ள ரோட்டுல ரத்தமாக் கெடக்கான்..."

மறுமுனையில் எழுந்த அலறல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. ஹரி துள்ளி எழுந்து போனைப் பிடுங்கினான். "அம்மா! நான்தாம்மா! ஒண்ணுமில்லம்மா, டான்ஸும்மா!" அம்மா நம்பவில்லை. "இன்னும் ஒரு வார்த்த பேசுய்யா" என்று திரும்பத் திரும்பக் கெஞ்சினார். பேசிக்கொண்டே ஹரியும் அழுதுவிட்டான்.

செத்தவன் எழுந்ததைக் கண்ட பெண்கள் நாற்றுமுடியாலேயே எங்களை விளாசினார்கள். மாஸ்டருக்குத்தான் முதல் மரியாதை. வாங்கிக்கொண்டே கேட்டார்: "அண்ணே, எடுத்தீங்களா?"

தலையாட்டினேன்.

"போதும்ணே. இதுதான் படம். என் ஸ்டெப்பெல்லாம் வேணாம்."

விஷயத்தைச் சொன்னதும் தங்களைப் படத்தில் காட்ட அந்த அக்காமார் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்கள்.

கிளம்பும்போது பையன்களின் போன்களையெல்லாம் ஒரு மஞ்சப்பையில் வாங்கிக்கொண்டு என் வண்டியின் பின்னால் ஏறினார் மாஸ்டர். அதற்குள் ஹரியின் அம்மா எல்லா வீட்டுக்கும் சேதி சொல்லியிருந்தார். போன் அடிக்கும்போதெல்லாம் மாஸ்டர் மொத்த வண்டிகளையும் ஓரங்கட்டச் சொல்லி, இறங்கி நின்று பேசினார்: "நல்லாருக்கான் தாயி... சத்தியமா நல்லாருக்கான்... இந்தா, அவனே பேசுறான்."

திருநகர் வந்து சேர இருட்டிவிட்டது. அத்தனை தூரமும் அந்த மஞ்சப்பையைப் பச்சைப்பிள்ளை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த அந்த மனுஷனை அன்றிலிருந்து எனக்கு ரொம்பப் பிடிக்கும்.