மூடாத தீப்பெட்டி

திருவனந்தபுரத்தில் பெரிதாக இருக்கிற எதையும் தீப்பெட்டி அண்ணாச்சி மன்னித்ததே இல்லை. விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் கப்பல் பார்க்கப் போனவர், "உள்ளே பாதி எடம் சும்மா கெடக்கும், கேட்டேளா" என்று வருத்தத்தோடு திரும்பி வந்தார்.

கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எமர்ஜென்சி விளக்கு செய்கிற சின்னக் கம்பெனி. அங்கே நான் போர்டில் ஈயத்தை உருக்கிச் சால்டர் வைக்கிறவள், அண்ணாச்சி மெக்கானிக். அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு காலித் தீப்பெட்டி இருக்கும். எந்த சர்க்யூட்டும் அதற்குள் அடங்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கல்யாண வீட்டில் லட்டுவை அதில் வைத்து அளந்து, பெண் வீட்டாரிடம் பேச்சு வாங்கியிருக்கிறார்.

அப்போது என் அம்மா படுக்கையில் கிடந்தாள். வீடு அடுத்த சந்தில்தான். அவள் பொத்தானை அழுத்தினால் கம்பெனியில் அடிக்கிற மாதிரி கம்பியில்லாத மணி ஒன்று வாங்கி மாட்டினேன். அது அடித்தால் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும். அம்மாவோ ஜன்னலில் காக்கா வந்தாலும் அழுத்துவாள். எல்லாக் கண்ணும் என்மேல் விழும்போது எனக்கு உயிரே போகும். முதலாளியும் முகம் சுளித்தார். வேலையை விட்டுவிடலாம் என்றால், அதைச் சொல்லவும் கூச்சம்.

அண்ணாச்சி கண்டுகொண்டார். "சத்தம் எதுக்கு தாயி? ஒனக்கு மட்டும் தெரிஞ்சா போறாதா?"

மணியைப் பிரித்தார். ஒலிபெருக்கியைத் தூக்கிப் போட்டு, பழைய செல்போனில் அதிர்கிற குட்டி மோட்டாரை வைத்தார். மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிட ஒரு டிரான்சிஸ்டர். அந்த டிரான்சிஸ்டருக்குள் கரண்ட் அதிகம் பாயாமல் காவலாக ரெண்டு ரெசிஸ்டர். எப்படி மடக்கினாலும் தீப்பெட்டிக்கு வெளியே கால் நீட்டின. அவருக்குச் சோறே இறங்கவில்லை. பிறகு எங்கிருந்தோ கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு டிரான்சிஸ்டரை வரவழைத்தார். ரெண்டு ரெசிஸ்டரும் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறதாம்.

"சட்டி பானையோட வந்து எறங்குத மருமவ மாதிரில்லா வந்திருக்கு" என்று உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சினார்.

எல்லாம் பூட்டி அழுத்தினால், மோட்டார் அசையவில்லை. பேட்டரியைத் திட்டினார், மழையைத் திட்டினார், அம்மாவின் விரலைக்கூடச் சந்தேகப்பட்டார். நான் பெட்டியை வாங்கி மூடிப் பார்த்தேன். அதை அவர் பக்கமே நீட்டினேன்.

"அண்ணாச்சி... பொட்டி மூடல்ல."

லென்ஸை எடுத்துக் குனிந்தார். பழகின கை, வெளியிலும் ரெண்டு ரெசிஸ்டரை வைத்துச் சால்டர் பண்ணியிருந்தது. காவலுக்கு மேல் காவல் போட்டால் கரண்ட் எப்படி நுழையும்? ஊருக்கெல்லாம் இடத்தை மிச்சம் பிடிக்கச் சொன்ன மனுஷன், கண்ணில் நீர் வர அன்றைக்குச் சிரித்தார்.

அந்த ரெண்டையும் எடுத்ததும் பெட்டி மூடியது. அம்மா அழுத்தினாள்; என் இடுப்பில் செருகிய பெட்டி துடித்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் எழுந்தால் அவர் மட்டும் தலையைத் தூக்காமலே சொல்வார்: "ஆத்தா கூப்பிடுதா? போயிட்டு வா. போர்டை நான் பாத்துக்கிடுதேன்."

அம்மா போய்விட்டாள். கம்பெனியையும் மூடிவிட்டார்கள். அண்ணாச்சி திருநெல்வேலிக்கு, தங்கச்சி வீட்டோடு போய்விட்டார். தீப்பெட்டி இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது. சில மத்தியானங்களில் அது துடித்த மாதிரி இருக்கும். அழுத்த ஆளில்லை என்று தெரியும். ஆனாலும் எழுந்து, அம்மாவின் கட்டில் பக்கம் போகாமல், அண்ணாச்சி வந்து இறங்குகிறாரோ என்று பஸ் ஸ்டாண்டு தெரிகிற வாசலுக்குத்தான் போகிறேன்.