அதிர்வானந்தரின் நடுங்கும் நீர்

கொழும்பு வெள்ளவத்தையில், பூமி தும்முவதையும் முன்கூட்டியே அறிவிக்கும் மகான் ஒருவர் எழுந்தருளியிருந்தார். திருநாமம் அதிர்வானந்தர். ஒருநாள் எங்கோ ஆழ்கடலில் நிலம் அசைந்ததில், மாடிவீடுகளின் தொங்குவிளக்குகள் லேசாக ஆடின. மறுவாரமே அவர் தோன்றிவிட்டார். அருளுக்குத்தான் எத்தனை வேகம்! கடலோர ஒழுங்கையின் முனையில் ஆச்சிரமம். வாசலில் செருப்பு மலை. வாராவாரம் அந்தோனியார் கோயிலுக்குப் போகும் மெற்றில்டாவும் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்தார்.

"அந்தோனியாருக்குத் தெரியாமல் வந்தனான். சொல்லிப்போடாதேங்கோ," என்று பக்கத்தில் இருந்த அருந்ததியிடம் கிசுகிசுத்தார்.

அருந்ததிக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் கணவர் சிவபாதசுந்தரமும் வாழ்நாள் உழைப்பில் வாங்கிய ஐந்தாம் மாடி வீட்டுக்கு அதிர்வானந்தர் ஆரூடம் சொல்லியிருந்தார்: "கட்டடம் விழும். விற்றுவிட்டு ஓடுங்கள்!" வாங்கிக்கொள்ளக் கருணையோடு முன்வந்தவன் சுவாமியின் சீடன் கிளின்ரன். விழப்போகும் வீடு அவனுக்கு எதற்கு என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டை விற்று உறுதி எழுதுவதென்று சிவபாதசுந்தரம் முடிவு செய்துவிட்டார்.

ஆதாரம்? சுவாமியின் முன்னால் ஒரு செப்புத் தட்டில் நீர். சுவாமி கண்களை மூடுவார், கிளின்ரன் சங்கு ஊதுவான், மணிகள் அலறும், நீர் நடுங்கும். கடற்பக்க ஜன்னலில் தடித்த பட்டுத்திரை. தெய்வத்துக்கு வெயில் ஆகாதாம்!

அன்று அருந்ததி இடையிலேயே எழுந்து வெளியே வந்தார். செருப்பைக் காணவில்லை. பக்தர்கள் இத்தனை பேர் கூடும் இடத்தில் அது அதிசயமும் இல்லை. வெறுங்காலோடு நின்று தேடியபோது உள்ளங்கால் கூசிற்று. நிலம் துடித்தது. உள்ளே சங்கு முழங்கிற்று; "அரோகரா!" என்று கூட்டம் கதறிற்று. வெளியே, வீதிக்கு அப்பால், கரையோர ரயில் தடதடத்துப் போயிற்று.

வெள்ளவத்தைக்காரரின் காதில் ரயில் விழுவதில்லை. மின்விசிறிச் சத்தத்தைப்போல அதுவும் வீட்டோடு சேர்ந்துவிட்ட ஒன்று. அருந்ததிக்கு அன்று அது கால் வழியாகக் கேட்டது.

வீட்டில் சொல்லிப் பார்த்தார்.

"சும்மா இரும்! சாமியைச் சோதிக்கிறதே?" என்றார் சிவபாதசுந்தரம்.

"சோதிக்கேல்லையப்பா. ஒருக்காப் பாப்பம், அவ்வளவுதான்."

வியாழக்கிழமை நண்பகல், ரயில் சாரதிகள் திடீரென வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வானொலியில் அதைக் கேட்டதும் அருந்ததி கணவரை இழுத்துக்கொண்டு ஓடினார்.

சுவாமி கண்களை மூடினார். கிளின்ரன் ரயில் நேர அட்டவணையை நம்பிச் சங்கு ஊதினான். (இலங்கையில் அதை நம்பியவன் அவன் ஒருவனே.) நீர் அசையவில்லை. மறுபடியும் ஊதினான். கன்னம் பனங்காயாய் வீங்கிற்று. நீர் நிம்மதியாக உறங்கிற்று.

"பூமி சாந்தியடைந்துவிட்டது," என்றார் சுவாமி, வியர்வையைத் துடைத்தபடி.

"அப்ப எங்கட வீடு விழாதோ, சாமி?" என்றார் அருந்ததி.

"விழும்! பூமி... மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது!"

"மூச்சை விடுமட்டும் இருப்பம்," என்று அருந்ததி சம்மணமிட்டு அமர்ந்தார். "ஆனா, சங்கும் மணியும் வேண்டாம்."

மெற்றில்டா பாய்ந்து சங்கைப் பறித்து மடியில் வைத்துக்கொண்டார்.

மாலையில் வேலைநிறுத்தம் முடிந்தது. மண்டபத்தின் அமைதிக்குள் தூரத்துத் தடதடப்பு நுழைந்தது. நீர் நடுங்கிற்று. அருந்ததி திரையை இழுத்தார். பளிச்சென்று கடல்! அதன் முன்னே ரயில்! மிதிபலகையில் தொங்கிய வாலிபர்கள் சுவாமிக்கு உற்சாகமாகக் கையசைத்தனர்.

கூட்டம் வாயைப் பிளந்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"சாமி, அடுத்த பாணந்துறை ரயில் எத்தினை மணிக்கு?" என்றார் மெற்றில்டா.

பதில் சொல்லச் சுவாமி அங்கே இல்லை. சீடனும் இல்லை. பின்கதவு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"அப்ப இனி நிலம் நடுங்காதே?" என்றார் சிவபாதசுந்தரம் அசட்டுத்தனமாக.

"நடுங்கலாமப்பா," என்றார் அருந்ததி. "அடியில பாறைத் தட்டுகள் ஒண்டையொண்டு நெருக்குது. எண்டைக்கு வழுக்கும் எண்டு விஞ்ஞானியாலயும் சொல்லேலாது. எஞ்சினியரைக் கூப்பிட்டுத் தூணுகளைக் காட்டுவம். எந்த வீட்டில நடக்கேலாத ஆக்கள் இருக்கினம் எண்டு தெரிஞ்சு வைப்பம். விழுந்த ஊருகள் எழும்பினது அயலட்டைச் சனம் கைகுடுத்துத்தான். தட்டில தண்ணி வைச்சு இல்லை."

வெள்ளிக்கிழமை உறுதி எழுதப்படவில்லை. மாடிக்காரர்கள் கூடிப் பேசினர். பக்கத்து வீட்டுக்காரரின் பெயரே பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

பூமி எந்நாளில் நடுங்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. யோசிக்க மறுக்கும் ஊர் எந்நாளில் ஏமாறும் என்பதை மட்டும் எவரும் சொல்லலாம்: அடுத்த சாமியார் வந்து இறங்கும் நாளில்.