நரியார் வைத்திருந்த ரப்பர் கையுறை

ஒரு காட்டில் சிங்கம் ராஜாவாக இருந்தது. ஸ்டோர் ரூம் சாவி மட்டும் நரியாரிடம் இருந்தது.

அந்தக் கோடையில் குட்டைக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் நின்றுவிட்டது. மான்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. கரண்ட் வேலை பார்க்கும் கரடி பேச்சியப்பன் கரண்ட் சோதிக்கும் மீட்டரை எடுத்தான். அதன் ஒயர்களில் உறை வெடித்து, கையால் பிடிக்கிற இடத்திலேயே செம்பு தெரிந்தது. நேராக நரியாரிடம் போனான்.

"அண்ணே, இதைப் புடிச்சுக் கரண்ட் இருக்கான்னு பாத்தா, மீட்டருக்கு முன்னாடி என் உடம்பு சொல்லிரும். புது ஒயரும் கையுறையும் குடுங்க."

கண்ணாடி அலமாரிக்குள் கையுறை பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் பளபளத்தது. நரியார் அதைப் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்தார்.

"குடுத்தா அழுக்காயிடுமேப்பா. ராஜா பார்வையிட வந்தா எதைக் காட்டுறது?"

"அப்ப நான் தொட மாட்டேண்ணே."

"தொடாதே. வெளியே குட்டிமானுங்க நிக்குது. தண்ணி கிடையாதுன்னு நீயே சொல்லிட்டுப் போ."

பேச்சியப்பனுக்கு அங்கேதான் மனசு கேட்கவில்லை. ஒயரில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு கிளம்பினான்.

"பத்திரமா பாத்துக்கப்பா" என்றார் நரியார்.

கரடிக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்கண்ணே."

"நான் மீட்டரைச் சொன்னேன்."

துணி வியர்வையில் நனைந்திருந்தது. மோட்டார் கொட்டகையில் படாரென்று ஒரு சத்தம். பேச்சியப்பன் வாசலுக்கு வெளியே வந்து விழுந்தான். உயிர் தப்பியது, இரண்டு கைகளும் வெந்துபோயின.

சிங்கம் விசாரிக்க வந்தது. "நம்மகிட்ட கையுறை இல்லையா?"

"இருக்கே ராஜா" என்று நரியார் அலமாரியைத் திறந்தார். "ஒரு கீறல் இருக்கா பாருங்க."

சிங்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஒரு கீறல் இல்லை. "இவ்வளவு நல்ல கையுறை இருந்தும் போடாம போயிருக்கானே, திமிர்தானே" என்று கரடியை வேலையை விட்டு நீக்கியது. பொருளைக் கட்டிக்காத்த நரியாருக்குப் பாதுகாப்பு விருது அறிவித்தது.

விழாவில் நன்றி சொல்ல மைக்கைப் பிடிக்கும் முன், நரியார் கவரைப் பிரித்துக் கையுறையை மாட்டிக்கொண்டார். அந்த மைக் ஷாக் அடிக்கும். அதைச் சரி செய்ய வேண்டியவன் கைக்கட்டோடு வீட்டில் கிடந்தான். இன்னும் தண்ணீர் குடிக்காத மான்கள் கைதட்டின.

நீதி: ரப்பர் கையுறை நிச்சயம் உயிரைக் காப்பாற்றும். யார் உயிரை என்பது அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.