மாட்டு வண்டிக்குப் புகைச் சான்றிதழ்

பூமியைக் காப்பாற்றக் கிளம்புகிறவன் முதலில் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியைத் தாண்ட வேண்டும். இது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் சுற்றுச்சூழல் பிரிவில் சேர்ந்திருந்தேன். பயிற்சிக் காலம் முடியப் போகிறது, வேலை நிரந்தரமாக வேண்டும். அப்போதுதான், பாகலூரில் விளையும் கோஸ் பெங்களூரு மண்டிக்குப் போய், வேறொரு லாரியில் ஏறி எங்கள் கேண்டீனுக்கே திரும்பி வருவதைக் கண்டுபிடித்தேன். (ஊருக்கே தெரிந்த விஷயம், எனக்குத்தான் புதுசு.) தலைமை அலுவலக அதிகாரிகள் வரும் நாளில் சொட்டு டீசல் இல்லாமல் காய்கறி கொண்டுவந்து காட்டுகிறேன் என்று மேனேஜரிடம் மார்தட்டினேன். வழக்கமான லாரியையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பாகலூர் விவசாயி முனியப்பா மாட்டு வண்டி நிறையக் கோஸோடு எட்டு மணிக்கே வந்துவிட்டார். செக்யூரிட்டி ரிஜிஸ்டரைத் திறந்து வண்டி நம்பர் கேட்டார். இல்லை. வண்டிக்காரருக்குப் பாதுகாப்பு ஷூ? அதுவும் இல்லை.

"சரி, பொகை சர்டிபிகேட் எங்க?"

"மாடுங்க சார். பொகை எங்கேர்ந்து வரும்?" என்றார் முனியப்பா.

"வராதுன்னு மேனேஜர் கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும், விட்டுர்றேன்."

அவரைத் திட்டவும் வழியில்லை. சான்றிதழ் இல்லாத எந்த வண்டியையும் உள்ளே விடக்கூடாது என்ற சுற்றறிக்கையைப் போன மாதம் எழுதியவனே நான்தான்.

மேனேஜரைத் தேடி மூன்று மாடி ஏறினேன். வெயில் ஏறுகிறதே என்று முனியப்பா மாடுகளை அவிழ்த்து வண்டிச் சக்கரத்தில் கட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். கையெழுத்தோடு நான் ஓடி வந்தபோது வண்டி பாதி காலி. மாடுகள் தின்றது போகச் சிதறியது அவற்றின் காலடியில் கிடந்தது. அதே நேரம் அதிகாரிகளின் கார் வந்து நின்றது. என்ன இது என்று கேட்டார்கள்.

"கேண்டீன் லோடு சார்," என்றார் செக்யூரிட்டி, சல்யூட் அடித்து.

'இம்மாடுகள் புகை விடாது' என்ற தாளால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அதற்கு முன் நான் அப்படி அவமானப்பட்டதில்லை.

கடைசியில் அந்தப் பழைய லாரியையே கெஞ்சிக் கூப்பிட்டேன். கரும்புகை கக்கிக்கொண்டு வந்தது. எல்லாப் பேப்பரும் சரியாக இருந்ததால் இரண்டே நிமிடத்தில் உள்ளே போனது. நானூறு பேருக்குச் சாப்பாடு ஒன்றரை மணி நேரம் தாமதம். என் நிரந்தரம் ஆறு மாதம் தாமதம்.

அன்று கேண்டீன் பொறுப்பில் இருந்து எல்லோரிடமும் திட்டு வாங்கிய ஸ்டெல்லாதான் இன்று என் மனைவி. வீட்டுக்குக் காய் இப்போதும் முனியப்பா தோட்டத்திலிருந்துதான், என் சைக்கிளில் வருகிறது. ஆனாலும் ஒவ்வொரு மதியமும் தட்டு வைக்கும் முன் கேட்பாள்:

"மாடு சாப்ட்டாச்சுல்ல? அப்ப நாம உக்காரலாம்."