ஆதாம் இட்ட முட்டை

அவனியாபுரம்,
மதுரை.

மரியே வாழ்க!

இறைவனில் அன்புமிக்க மைத்துனர் ஜோ அவர்களுக்கு, உம் அக்காள் சகாயமேரியின் கணவன் யேசுதாஸ் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. பரவையில் நீயும் உன் புறாக்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். இருக்க மாட்டீர்களா பின்னே, என் தலையில் மிளகாய் அரைத்துவிட்டு!

மாப்ள, நான் பள்ளிக்கூடத்துக் குமாஸ்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு ஜோடிப் புறாவைக் கூண்டோடு கொண்டுவந்து எங்கள் மாடியில் வைத்துவிட்டு என்ன சொன்னாய்? "மச்சான், கழுத்தை உப்பிக்கிட்டுச் சுத்திச் சுத்திக் கூவுது பாருங்க, அதான் ஆண். அடக்கமா நிக்கிறது பொட்டை. குஞ்சாப் பொரிச்சுத் தள்ளும்" என்றாய். நானும் நம்பி, உப்பியதற்கு ஆதாம் என்றும் அடங்கியதற்கு ஏவாள் என்றும் பேர் வைத்து, விடிந்ததும் கம்பும் சோளமும் கொண்டுபோய்ப் போட்டு, மூட்டுவலியோடு படியேறி இறங்கினேன். அதுகளும் மூக்கோடு மூக்கு உரசி, ஆதாம் ஏவாள் முதுகில் ஏறி (கல்யாணமான உனக்கு விளக்க வேண்டியதில்லை) எல்லாம் முறைப்படிதான் நடந்தது. கடைசியில் கூட்டில் எட்டிப் பார்த்தால் நாலு முட்டை!

ஊர் உலகத்தில் புறா இரண்டுதான் இடும். பின்வீட்டு ஜெயபாண்டி, மாடி நிறையப் புறா வளர்ப்பவர், "நாலா? நல்லாப் பாத்தீங்களா சார்?" என்று ஒரு மாதிரிச் சிரித்தார். மனுசனுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டு, நேரே கோயிலுக்குப் போய் நன்றிப் பூசைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் உபதேசியார் மைக்கில், "இரட்டிப்பான முட்டைகளுக்கு நன்றியாக, யேசுதாஸ் குடும்பத்தினர்" என்று வாசித்தார். ஃபாதர் பீடத்திலிருந்தே என்னைப் பார்த்தார். வெளியே வந்ததும், "கோழி வளக்குறீங்களா யேசுதாஸ்?" என்று கேட்டார். உன் அக்காள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறியவள்தான், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கரு பிடித்திருந்தால் செல்போன் வெளிச்சத்தில் உள்ளே சிவப்பாக நரம்பு தெரியுமாம். பிடித்துப் பார்த்தேன். நாலிலும் ஒரு நரம்பு இல்லை. அத்தனையும் கூமுட்டை! அன்றைக்கே உன் அக்காள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "அடுத்த தடவையும் பொரிக்கலைன்னா ரெண்டையும் தம்பிகிட்டயே அனுப்பிருவேன். மாடியில வத்தல் காயப்போட எடம் இல்ல." ஜோ, வேலையை விட்டு வந்த பிறகு என்னை எதிர்பார்த்துத் தலையைத் தூக்குகிற சீவன் இந்த ரெண்டும்தான்ப்பா. அதுவும் போய்விட்டால் நான் எங்கேடா போவேன்?

ஆகையால் அடுத்த முறை முட்டைக்காகத் தவம் கிடந்தேன். ஏவாள் இட்டாள், சந்தோஷம். மறுபடி தண்ணீர் வைக்கப் போகிறேன், ஆதாம் கூட்டில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சரி, பெண்டாட்டிக்கு ஒத்தாசையாக அடைகாக்கிறான், நல்ல பிள்ளை என்று பார்த்துக்கொண்டே நிற்கிறேன். எழுந்தான். அவனுக்கு அடியில், ஈரம் காயாமல், ஒரு முட்டை! மாதாவே! குடத்தைப் போட்டேன், படியில் சறுக்கினேன், முட்டி பெயர்ந்தது, "மேரி! ஆதாம் முட்டை போட்டுட்டான்!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. உன் அக்காள் கையில் கரண்டியோடு வந்து நின்று நிதானமாகச் சொல்கிறாள்: "அப்ப ரெண்டும் பொட்டை. ஆளுக்கு ரெண்டு போட்டா நாலு. இதுக்கா பூசை வச்சீங்க?"

அன்றைக்குப் படுத்தவன்தான். காய்ச்சல். இரண்டு வாரத்துக்கு மேலாக மாடிப் பக்கம் போகவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. போனால் ஃபாதர் குஞ்சு சௌக்கியமா என்று கேட்பாரே, நான் என்னத்தச் சொல்ல? பொட்டைக்கும் ஆணுக்கும் வித்தியாசம் தெரியாத நீயெல்லாம் ஒரு புறாக்காரன்! இம்புட்டு நாளும் என்னை ஏமாத்திட்டியே மாப்ள! கூட்டில் கிடக்கிற முட்டைகளை நாளைக்குத் தூக்கி எறியப் போகிறேன். நீ உடனே அசலான ஓர் ஆணைக் கொடுத்துவிட்டு ஆதாமை எடுத்துக்கொண்டு போகவேண்டும். தவறினால் கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்.

உனக்கும் ஆன்சிக்கும் ஆரோக்கிய அன்னையின் ஆசி நிறைவாகக் கிடைப்பதாக. கோபத்தில் எழுதினாலும் அதில் நான் குறை வைக்கவில்லை.

இப்படிக்கு,
மனம் நொந்த மச்சான்
ம. யேசுதாஸ்

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் முட்டைகளை எறிந்துவிட்டு வரலாம் என்று மாடிக்குப் போனேன். ஒன்றைக் கையில் எடுத்தால் உள்ளேயிருந்து டொக் டொக் என்று சத்தம்! எனக்கு உயிரே போய்விட்டது. மறுபடியும் கத்தினேன். உன் அக்காள் வந்து, "கத்தாதீங்க. ஆதாமும் போட்டு முடிச்ச கையோட நாலையும் எடுத்துட்டு ஜெயபாண்டி அண்ணன் வீட்டுல அன்னைக்குப் போட்ட ரெண்டை வாங்கி வச்சேன்" என்கிறாள். "ஏன்டி, புறாவை அனுப்பணும்னு சொன்னவளே நீதானே?" என்றேன். "சொன்னேன். அதுக போச்சுன்னா நீங்க இப்படியே சுவத்தப் பாத்துப் படுத்துக் கெடப்பீங்க. அதைப் பாக்க என்னால முடியல" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டாள். மறுநாளே இரண்டும் பொரித்துவிட்டன மாப்ள. ஆதாமும் ஏவாளும் மாறி மாறி ஊட்டுகிறார்கள். ஆண் வேண்டாம். மேலே எழுதிய எதையும் மனசில் வைக்காதே. ஞாயிற்றுக்கிழமை ஆன்சியோடு வந்து குஞ்சைப் பார்த்துவிட்டுப் போ. மாடியில் நான் தனியாக நின்று அழுததை மட்டும் அக்காளிடம் சொல்லிவிடாதே.